கையால் செய்த லூருக்கு எந்தக் கிளியர்? மட்டக்களப்பு வாவிக்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடிப் பாலத்தடியிலோ பாலமீன்மடு முகத்துவாரத்திலோ லூர் (மீன் பிடிக்க எறியும் போலி மீன்) எறிகிற நாலு பேர் கூடினால், பேச்சு கடைசியில் மேல்பூச்சில்தான் வந்து நிற்கும். மரத்தைச் செதுக்கிப் பெயிண்ட் அடிக்கும்வரை எல்லோருக்கும் கை வருகிறது. அதன் மேல் கண்ணாடி போல ஒரு கிளியர் போடும் இடத்தில்தான் பாதிப் பேரின் உழைப்பு வீணாகிறது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயிண்ட் அடித்தாயிற்றே, அதற்கு மேல் கிளியர் எதற்கு?

லூரின் வயிற்றில் தொங்கும் மும்முள் ஒவ்வொரு எறிதலிலும் ஆடி உடம்பைக் கீறுகிறது. ஒரு பின்னேரம் எறிந்துவிட்டு லூரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முள்ளின் நுனி போய்வந்த பாதை பிறை வடிவில் தெரியும். வெறும் பெயிண்ட் என்றால் அந்தப் பிறைக்குள் மரம் தெரியத் தொடங்கிவிடும். மறுகா அந்தக் கீறலால் தண்ணீர் இறங்கும், மரம் ஊதும், பெயிண்ட் பொருக்காக எழும்பும். பாலத் தூணில் ஒட்டியிருக்கும் சிப்பி, கண்டல் வேர், சீலா மீனின் பல், பேத்தை மீனின் அலகு எல்லாம் அதற்கு மேலதிகம். கொடுவாவின் வாய் மணல்தாள் போலச் சொரசொரப்பானது, ஆனால் சீலா போல அது துளை போடாது.

சுருக்கமாகச் சொல்லுங்கள் அண்ணே, எதை வாங்குவது?

முதல் தடவை செய்கிறீர்கள் என்றால், மெதுவாக இறுகும் இரண்டு பாக ஈபொக்சி, அதாவது ரெசினையும் அதை இறுக்கும் ஹார்ட்னரையும் கலந்து பூசுவது. சிறிய லூர்கள், அவசரம், சுழற்றுவதற்கு மோட்டார் இல்லை என்றால் யூவி ரெசின், அதாவது புறஊதா வெளிச்சத்தில் இறுகுவது. வாகனங்களுக்கு அடிக்கும் டூ-கே கிளியர் அருமையான பொருள்தான், ஆனால் அதை வீட்டில் அடிக்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆனால் எதை வாங்கினாலும், எங்கள் ஊரில் லூரின் ஆயுளைத் தீர்மானிப்பது போத்தலில் ஒட்டியிருக்கும் பெயர் அல்ல. பூசுகிற நாளின் ஈரமும், கிளியருக்கு அடியில் மரத்தை எப்படி அடைத்தீர்கள் என்பதும்தான். இந்த இரண்டையும் கவனித்தவரின் மலிவான ஈபொக்சி, கவனிக்காதவரின் விலை கூடிய ஈபொக்சியை விட நாள் தாங்குவதை நான் பல தடவை பார்த்துவிட்டேன்.

எந்த மரத்தில் செய்கிறோம் என்பதற்கும் கிளியருக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைக்கும் பாரமில்லாத மரம் முள்முருக்கு. கலியாணத்துக்குக் கன்னிக்கால் நடுகிற அதே மரம்தான். செதுக்க வெண்ணெய் மாதிரி இருக்கும், நன்றாக மிதக்கும், ஆனால் பஞ்சு போலத் தண்ணீர் குடிக்கும். மலைவேம்பும், அதாவது சிங்களத்தில் லுணுமிதெல்ல என்பதும், இலகுதான். வள்ளத்தின் பக்க மிதவைக்கு அந்த மரத்தைப் போடுவது சும்மா இல்லை. பூவரசும் தேக்கும் பாரம், தண்ணீர் குடிப்பது குறைவு. தேக்கில் இயற்கையான எண்ணெய் இருப்பதால் கிளியர் பிடிக்கத் தயங்கும். பூசுவதற்கு முன் அசிற்றோன் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

மரம் எவ்வளவு மெதுவோ, அடைப்பு வேலை அவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்.

அடைப்பு என்றால் என்ன? கிளியரே தண்ணீரை அடைக்காதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். முள்முருக்கில் 9 சென்ரிமீற்றர் லூர் ஒன்று செய்தேன். மணலை மீனின் நிறம், முதுகில் பச்சை, இரண்டு கை (இரண்டு தடவைப் பூச்சு) ஈபொக்சி, பார்ப்பதற்குப் பளிங்கு மாதிரி மினுங்கியது. மூன்றாவது கிழமை வயிற்றில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. நகத்தை வைத்து அழுத்தினால் உள்ளே மெத்தென்று இருந்தது. பிளந்து பார்த்தேன். மேற்பரப்பு முழுக்க நன்றாகவே இருந்தது. தண்ணீர் போனது, வயிற்று முள்ளைத் தாங்கும் திருகு வளையத்தின் ஓட்டை வழியாக. ஈபொக்சி இறுகிய பிறகு அந்த வளையத்தைத் திருகி ஏற்றியிருந்தேன். நானே கிளியரில் ஓட்டை போட்டு, அதை அடைக்காமல் விட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு என் ஒழுங்கு இதுதான். செதுக்கி, பாரத்துக்கு ஈயத்தை வைத்து, வளையங்களுக்கான ஓட்டைகளைத் துளைத்த பின் பெயிண்டுக்கு முன்பே மரத்தை அடைக்கிறேன். தண்ணி போல ஓடுகிற சுப்பர் குளூவை மரத்தில் விட்டால் அது நார்களுக்குள் இறங்கி இறுகும். தலையிலும் வாலிலும் நார் முனைகள் திறந்திருக்கும், அங்கே இரண்டு தடவை விடுங்கள். இதைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ தேய்க்கவே கூடாது. பருத்தியில் பட்டால் சூடேறி கை சுடும், புகையும் வரும். காற்றோட்டமான இடத்தில், முகத்தை விலக்கி வைத்து விடுங்கள். சுப்பர் குளூ வேண்டாம் என்பவர்கள் ஈபொக்சியையே மெல்லிய முதல் கையாகத் தேய்த்து ஊறவிடலாம். வளையத்தைத் திருகும்போது புரியில் ஒரு துளி ஈபொக்சி தடவி ஏற்றுங்கள், கிளியர் போடுவதற்கு முன்பே.

சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. எல்லாம் இறுகியபின் லூரை, கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, ஓட்டை இருக்கிற இடத்தில் வரிசையாகக் குமிழி விடும். குமிழி வந்தால் உடனே வெளியே எடுங்கள். தண்ணீரில் ஆறவிட்டால் காற்று சுருங்கித் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். நன்றாகக் காயவிட்டு அந்த இடத்தை அடையுங்கள்.

ஐந்து நிமிட ஈபொக்சி கடைகளில் லேசாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

ஒட்டுவதற்குப் போதும், பூசுவதற்குப் போதாது. நம் வெயிலில் நாலு லூர் பூசுவதற்குள் கோப்பையிலேயே இறுகிவிடும். தூரிகை அடையாளம் மறைய நேரம் கிடைக்காது, குமிழி மேலே வர நேரம் கிடைக்காது, மஞ்சளாவதும் சீக்கிரம். லூரின் நாக்கையும் (முன்னால் தண்ணீரை வெட்டும் தகடு) ஈயத்தையும் ஒட்ட அதை வைத்திருங்கள். மேல்பூச்சுக்கு 30 நிமிடமோ அதற்கும் மெதுவாகவோ இறுகும் தெளிவான ஈபொக்சி.

ஒரு விடயம். போத்தலில் எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் 25 பாகை செல்சியஸில் கணக்கிட்டது. வெப்பம் 10 பாகை கூடினால் வேலை செய்யும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் 30 நிமிட ஈபொக்சியை நம்பி ஆறு லூரை வரிசையாக வைக்காதீர்கள். காலையில் செய்யுங்கள்.

நான் பூசியது ஒரு கிழமையாகியும் பிசுபிசுக்கிறது. ஏன்?

அளவு பிசகியிருக்கும், அல்லது சரியாகக் கலக்கவில்லை. லூருக்கு நாம் கலப்பது மிகக் கொஞ்சம். இரண்டிலும் 3 மில்லிலீற்றர் எடுக்கும்போது ஒன்றில் அரை மில்லி பிசகினால் அது ஆறில் ஒரு பங்கு. கண்மட்டத்துக்கு ஊற்றி இந்த வேலை நடக்காது. ஊசியில்லாத சிரிஞ்ச் இரண்டு வாங்கி, ஒன்றில் ரெசின், மற்றதில் ஹார்ட்னர் என்று எழுதி வைத்து, ஒருபோதும் மாற்றாமல் பாவியுங்கள். டிஜிட்டல் தராசில் நிறுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: போத்தலில் ஒன்றுக்கு ஒன்று என்று இருப்பது கன அளவு என்றால், எடையில் அது ஒன்றுக்கு ஒன்றாக வராது, இரண்டும் ஒரே பாரம் அல்ல. எடைக் கணக்கு தனியாகக் கொடுத்திருந்தால் மட்டும் நிறுங்கள்.

சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டி விடுவது நம் ஆட்களிடம் ஒரு பழக்கம். கூடுதலாக விட்ட ஹார்ட்னர் சேர்வதற்கு ஆள் இல்லாமல் உள்ளேயே நின்று பூச்சை இளக்கமாக்கும். கோப்பையின் ஓரத்தையும் அடியையும் வழித்து, இரண்டு மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். பிசுபிசுத்துப்போனதைக் காப்பாற்றுவது கடினம். இளகிய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, சரியான அளவில் மறுபடி பூசுவதுதான் வழி.

மோட்டார் வைத்துச் சுழற்றத்தான் வேண்டுமா?

ஈபொக்சி என்றால் ஆம். இறுகும்வரை லூர் கிறுகிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றில் சொட்டுத் தொங்கும், முதுகு மெலியும். நிமிடத்துக்கு 5, 6 சுற்றுப் போதும். பழுதான மைக்ரோவேவில் தட்டைச் சுற்றும் சின்ன மோட்டார் இதற்கென்றே செய்தது மாதிரி. அதன் உடம்பில் அச்சிட்டிருக்கும் வோல்ற்றைப் பார்த்துவிட்டு இணையுங்கள். சிலது 230 வோல்ற், சிலது மிகக் குறைந்த வோல்ற்றில் ஓடுவது. வயர் இணைப்புத் தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்விப்பது நல்லது. மோட்டார் இல்லாவிட்டால், லூரை ஒரு கம்பியில் கட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தலைகீழாக்கலாம். செய்யலாம், ஆனால் இரண்டு மூன்று மணித்தியாலம் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மாரியில் பூசினால் காலையில் பால் படிந்த மாதிரி இருக்கிறது. கிளியர் போலியா?

இல்லை, காற்றிலுள்ள ஈரம். கார்த்திகை, மார்கழியில் வாடை வீசி மழை விடாமல் பெய்யும் நாட்களில் இது எல்லோருக்கும் நடக்கும். ஈபொக்சியின் ஹார்ட்னரில் உள்ள அமீன், இறுகுவதற்கு முன் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் விடும். தொட்டால் வழுக்கும். அதன் மேல் அடுத்த கையைப் பூசினால் இரண்டும் ஒட்டாது, பிறகு தோலாக உரியும்.

படலம் தண்ணீரில் கரையக்கூடியது. வெதுவெதுப்பான தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, காயவிட்டு, 320 அல்லது 400 நம்பர் மணல்தாளால் மெதுவாகத் தேய்த்துவிட்டு அடுத்த கை போடலாம். கழுவாமல் தேய்த்தால் மெழுகைப் பரப்பியதாகத்தான் முடியும்.

வராமல் தடுக்க, நான் மாரிக்கென்று ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். ஓடாத பழைய குளிர்சாதனப் பெட்டியின் வெற்றுக் கூடு. உள்ளே கீழே பழைய சூட்டு பல்ப் ஒன்று, மேலே லூர். அதே காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் விகிதம் இறங்கும், அவ்வளவுதான் இதன் சூத்திரம். கையை வைத்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். லூரைப் பூசுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே உள்ளே வைத்து மரத்தையும் சூடாக்குங்கள். குளிர்ந்த மரத்தில் பூசிவிட்டுப் பிறகு சூடாக்கினால் மரத்திலுள்ள காற்று விரிந்து குமிழியாகக் கிளம்பும். தின்னர் கலந்த எதையும் இந்தப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. ஆவி நிறைந்த பெட்டியில் எரிகிற பல்ப் தீ வைத்ததற்குச் சமம்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் இந்தத் தொல்லை இல்லை. அப்போது காற்று காய்ந்து கிடக்கும், பூச்சுக்கு அருமையான காலம். ஆனால் தூசு. மூடிய பெட்டியோ கவிழ்த்த பிளாஸ்ரிக் வாளியோ இல்லாமல் வெளியே வைத்தால் லூரில் மணல் ஒட்டியிருக்கும்.

யூவி ரெசின் ஈபொக்சிக்குப் பதிலாகுமா?

சின்ன லூர்களுக்கு, ஆமாம். கலக்கத் தேவையில்லை, விளக்கில் சில நிமிடங்களில் இறுகிவிடும். நகப்பூச்சு காய்விக்கும் யூவி விளக்குப் போதும், நம் ஊர் வெயிலும் போதும். வெயில் போதும் என்பதாலேயே முற்றத்தில் வைத்துப் பூசாதீர்கள், தூரிகையிலேயே இறுகிவிடும். வீட்டுக்குள் நிழலில் பூசி, குமிழி அடங்கியபின் வெளிச்சத்தில் பிடியுங்கள். மெல்லிய கைகளாக இரண்டு மூன்று. ஒரேயடியாகத் தடிப்பாக வைத்தால் சூடேறிச் சுருங்கி ஓரத்தில் கழரும். இறுகியபின் மேலே பிசுக்கு இருந்தால் பயப்பட வேண்டாம். காற்றிலுள்ள ஒட்சிசன் மேல் படையை இறுக விடாமல் தடுக்கிறது. ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைத்தால் போய்விடும்.

குறை: சில ரெசின்கள் கண்ணாடி போல நொறுங்கும் தன்மையுடையவை. தூணில் மோதினால் சில்லாகப் போகும். பாலத்தடியில் எறிகிறவர்களுக்கு நான் ஈபொக்சியைத்தான் சொல்வேன்.

வாகனப் பெயிண்ட் கடையில் டூ-கே கிளியர் அடித்துத் தருவார்களா?

கேட்டுப் பாருங்கள். வாகனத்துக்கு அடிக்கும்போது மிஞ்சுவதில் உங்கள் லூர்களை ஒரு கம்பியில் கோத்துக் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. வெயிலுக்கு மஞ்சளாவது ஈபொக்சியை விடக் குறைவு, பாரமும் ஏறாது. படை மெல்லியது என்பதால் முள் கீறலுக்கு அவ்வளவு தாங்காது, இரண்டு மூன்று கை வேண்டும்.

வீட்டில் அடிக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற்று. அதன் பனியைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். முகக்கவசம் என்று நாம் போடும் துணியும் தாளும் அதைத் தடுக்காது. பிள்ளைகள் இருக்கும் வீட்டின் பின் விறாந்தை அதற்குரிய இடமே அல்ல.

ஈரத்தில் இறுகும் பொலியூரிதேன் என்று சொல்கிறார்களே?

லூரை முக்கி எடுத்துத் தொங்கவிட்டால் போதும், சுழற்ற வேண்டியதில்லை. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் அது இறுகும். கேட்க நமக்கென்றே செய்தது மாதிரி இருக்கும், ஆனால் மூடியைத் திறக்கத் திறக்க டின்னுக்குள்ளும் ஈரம் போய் மிச்சமெல்லாம் பாகாகிவிடும். தடிப்பாக இருந்தால் உள்ளே வாயு கிளம்பிக் குமிழி வைக்கும். கொஞ்சமாகச் செய்பவர்களுக்கு இது நட்டம். இதிலும் ஐசோசயனேற்று உண்டு.

மரத்துக்கு அடிக்கும் வார்னிஷ், பிரெஞ்சு பொலிஷ், நகப்பூச்சு?

எண்ணெய் வார்னிஷ் வள்ளத்துக்கு நல்லது. லூரில் மஞ்சளாகவும் இளக்கமாகவும் இருக்கும், மாரியில் காய நாட்கள் எடுக்கும். பிரெஞ்சு பொலிஷ் தண்ணீரில் வெளிறும், வேண்டாம். நிறமில்லாத நகப்பூச்சு சின்ன ஈயத் தலைகளுக்கும், கரையில் வைத்து ஒரு கீறலை மூடுவதற்கும் சரி.

மார்க்கரால் போட்ட செதில் கோடுகள் கிளியர் போட்டதும் கரைந்துவிட்டன!

அழியாத மார்க்கரின் மை அல்ககோலில் கரைவது. கிளியரிலுள்ள கரைப்பானோ ஈபொக்சியோ பட்டால் மை ஓடும். முதலில் அக்ரிலிக் கிளியர் ஸ்பிரேயை தூரத்திலிருந்து தூவல் போல இரண்டு தடவை அடித்துக் காயவிட்டு, பிறகு பூசுங்கள். வேண்டாத துண்டு ஒன்றில் முன்கூட்டியே பார்ப்பது இன்னும் நல்லது.

பூச்சில் வட்ட வட்டமாகக் குழி விழுகிறது.

விரல் எண்ணெய். அல்லது பக்கத்தில் யாரோ சிலிக்கோன் ஸ்பிரே அடித்திருப்பார்கள். பெயிண்ட் அடித்தபின் லூரை உடம்பில் தொடாமல் வளையத்தில் பிடியுங்கள். தொடத்தான் வேண்டும் என்றால் கையுறை.

கிளியர் போட்டபின் லூர் முன்னைப் போல ஆடவில்லை.

ஈபொக்சி தண்ணீரை விடப் பாரம். நாக்குள்ள சின்ன லூரில் ஒரு கிராம் கூடினாலே மிதப்புக் குறையும், வால் ஆட்டம் சோம்பும். நாக்கின் ஓரம் தடித்தாலும் அப்படித்தான், தண்ணீரை வெட்டாமல் தள்ளும். நாக்கில் மாஸ்கிங் டேப் சுற்றிவிட்டுப் பூசுங்கள், ஈபொக்சி முழுக்க இறுகுவதற்கு முன் டேப்பை உரித்துவிடுங்கள். பூசுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த லூருக்கு ஈயம் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அதுவே சொல்லும்.

பெட்டிக்குள் வைத்த லூரின் பூச்சு இளகி ஒட்டிக்கொண்டது. ஏன்?

ரப்பர் புழு, ரப்பர் மீன் எதையாவது அதோடு சேர்த்து வைத்திருப்பீர்கள். அவற்றை மெதுவாக்கச் சேர்த்திருக்கும் எண்ணெய் வெளியே கசிந்து பெயிண்டையும் வார்னிஷையும் கரைக்கும். நன்றாக இறுகிய ஈபொக்சி தாக்குப்பிடிக்கும், ஆனாலும் தனித்தனியாக வையுங்கள்.

கையில் பட்டால் ஆபத்தா?

ஈபொக்சி கையில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் தோல் அதற்கு ஒவ்வாமை பிடித்துச் சிவந்து கடிக்கும், அது பிறகு விடாது. நைற்றைல் கையுறை போடுங்கள். பட்டுவிட்டால் சவர்க்காரமும் தண்ணீரும். தின்னரால் கழுவாதீர்கள், அது ரெசினைத் தோலுக்குள் கொண்டுபோகும். மிச்சக் கலவையை ஒரே கோப்பையில் குவித்து வைக்காமல் தட்டில் பரப்பிவிடுங்கள். குவிந்தால் தானே சூடேறிப் புகையும். இறுகிய பிறகு குப்பையில் போடுங்கள், இறுகாததை வாவியில் ஊற்ற வேண்டாம். 56 கிலோமீற்றர் நீளமான தண்ணீர் என்றாலும் அதில்தான் நம் இறாலும் நண்டும் வளர்கின்றன.

பூசி எத்தனை நாளில் தண்ணீரில் போடலாம்?

ஈபொக்சி அடுத்த நாள் தொடும்போது இறுகியிருக்கும். உள்ளே முழுப் பலம் வர ஏழு நாள் வரை எடுக்கும். சனிக்கிழமை பூசி ஞாயிறு எறிந்தவர்களின் லூரில்தான் முள் அடையாளம் ஆழமாக இருக்கிறது. நகத்தை அழுத்திப் பாருங்கள், அடையாளம் விழுந்தால் இன்னும் பொறுங்கள்.

சீலா கடித்த ஓட்டையை எப்படி அடைப்பது?

அன்றைக்கே அடைக்க அவசரப்படாதீர்கள், மரத்துக்குள் உப்புத் தண்ணீர் இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, முள்களைக் கழற்றி, நிழலில் ஒரு கிழமை தொங்கவிடுங்கள். மாரி என்றால் பல்ப் பெட்டிக்குள் இரண்டு நாள். மரம் காய்ந்ததா என்று அறிய நிறுத்துப் பாருங்கள், கொப்பியில் எழுதிய பழைய எடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அப்புறம் பல் இறங்கிய ஓட்டையில் சுப்பர் குளூ ஒரு துளி, சுற்றிவர மணல்தாள், நிறம், மேலே ஈபொக்சி. சூட்டுத் தண்ணீரில் ஒருமுறை அமுக்கி, குமிழி வரவில்லை என்றால் முள்ளை மாட்டுங்கள்.